ஆஃப்-ரோடு பிக்கப்: பேஸ் வேரியன்ட்டா, டாப் வேரியன்ட்டா?

பிக்கப் வாங்கப் போகிறவர் மாடலைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. ஒரே பெயரில் ஐந்தாறு வேரியன்ட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அடிமட்டத்தில் துணி இருக்கையும் இரும்பு வீலும் கொண்ட வேலை வண்டி. உச்சியில் அகன்ற மட்கார்டும் பெரிய டயரும் தனிப்பெயரும் கொண்ட ஆஃப்-ரோடு வண்டி. சில மாடல்களில் இந்த இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் இன்னொரு பேஸ் வண்டியின் விலையையே நெருங்கிவிடுகிறது. அந்தத் தொகைக்கு ஈடாக வண்டியின் அடியில் என்ன மாறுகிறது, அதில் எவை பிறகு நாமே சேர்த்துக்கொள்ளக்கூடியவை, எவை தொழிற்சாலையில் மட்டுமே சாத்தியமானவை என்பதை இக்கட்டுரை படிப்படியாகப் பிரித்துப் பார்க்கிறது.

வாங்குபவர்கள் பெரும்பாலும் "நான் எவ்வளவு கடினமான பாதையில் போகப்போகிறேன்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் சரியான விடை சொல்ல முடியாது. ஆசை எப்போதும் அனுபவத்தைவிட ஒரு படி முன்னால் ஓடும். "பின்னாளில் சேர்க்கவே முடியாத எந்த உறுப்பு எனக்குத் தேவை?" என்ற கேள்விக்கோ திட்டவட்டமான விடை உண்டு. வேரியன்ட் தேர்வு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேரியன்ட்டின் விலைக்குள் என்னென்ன இருக்கின்றன

ஒரு மாடலின் பெயரையும் பொதுவான உடலமைப்பையும் வைத்துக்கொண்டு, உறுப்புகளை வெவ்வேறு தொகுப்புகளாகக் கட்டி விற்பதையே வேரியன்ட் என்கிறோம். அந்தத் தொகுப்பில் மூன்று விதமான பொருட்கள் கலந்திருக்கின்றன.

1. தோற்றம்: கறுப்பு கிரில், ஸ்டிக்கர், தனி நிறம், பானட்டில் போலிக் காற்றுத்துளை.
2. சொகுசு: தோல் இருக்கை, பெரிய திரை, ஒலியமைப்பு, வெப்பமூட்டும் இருக்கை.
3. இயந்திரம்: டிஃபரன்ஷியல் லாக் (சுருக்கமாக டிஃப் லாக்), டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி), ஷாக் அப்சார்பர், ஆக்ஸில், அடிப்பாகக் கவசம்.

விளம்பரக் கையேடு இம்மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்குவதால், மூன்றாவது வகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மறைந்துவிடுகிறது. ஷெவர்லே 1988-இல் அறிமுகப்படுத்திய இசட்71 போன்ற தொகுப்புகள், சாதாரண பிக்கப்பில் ஆஃப்-ரோடு ஷாக்கும் அடிக்கவசமும் சேர்த்துத் தரும் நடுத்தர வழியாக இருந்தன. ஜீப் ரேங்லரின் ரூபிகான் 2003 மாடலாக வந்தபோது முன்னும் பின்னும் டிஃப் லாக், வலுவான ஆக்ஸில், குறைவேக டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியது. 2009-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 ராப்டர் இன்னும் ஒரு படி போய், பாலைவனப் பந்தய வண்டிகளின் சஸ்பென்ஷன் சிந்தனையைப் பொதுச்சாலை உரிமம் பெற்ற பிக்கப்புக்குள் கொண்டுவந்தது. இன்று கடையில் காணும் ஒவ்வொரு டாப் ஆஃப்-ரோடு வேரியன்ட்டும் இந்த மூன்று மரபுகளில் ஒன்றையோ, இரண்டின் கலவையையோ பின்பற்றுகிறது.

வண்டி பாதையில் எதனால் நிற்கிறது

வேரியன்ட்டுகளை ஒப்பிடும் முன், ஆஃப்-ரோடு வண்டி தோற்கும் இடங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரணங்கள் நான்குதான்: பிடிமானம் போகிறது, போதிய அளவு மெதுவாக ஊர முடியவில்லை, அடிப்பாகம் தரையில் இடிக்கிறது, தொடர் அதிர்ச்சியில் ஷாக் சூடேறித் தளர்கிறது.

முதல் காரணம், பிடிமானம். ஒரே ஆக்ஸிலில் உள்ள இரண்டு சக்கரங்களும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும் என்பதற்காக நடுவில் வைக்கப்பட்ட பல்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். சாதாரண, அதாவது ஓப்பன் டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சம அளவு டார்க்கை, அதாவது சுழற்று விசையை, அனுப்பும். கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இதுவே கேடாகிறது: தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறிய டார்க் போதும், தரையில் ஊன்றியிருக்கும் சக்கரத்துக்கும் அதே சிறிய அளவுதான் போய்ச்சேரும். டிஃப் லாக் இரு சக்கரங்களையும் ஒரே தண்டு போலப் பிணைத்துவிடுவதால், ஊன்றிய சக்கரம் தனக்கு வேண்டிய முழு டார்க்கையும் பெறுகிறது.

இன்றைய பேஸ் வண்டிகளில்கூட பிரேக் வழியே செயல்படும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கிறது. வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து, மறுபக்கத்துக்கு டார்க்கைத் தள்ளுவது இதன் வேலை. ஈரப் புல், சரளை, ஓரளவு சேறு போன்றவற்றுக்கு இது போதும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். லாக் இல்லாத வண்டி எதற்கும் உதவாது என்ற பேச்சு பழைய காலத்தது. ஆனால் சக்கரம் வழுக்கத் தொடங்கிய பிறகே இது விழித்துக்கொள்ளும் என்பதும், தொடர்ந்து பயன்படுத்தினால் பிரேக் சூடேறும் என்பதும் இதன் எல்லைகள். பாறைப் படிகளில் ஒரு கணம் வழுக்கினாலே வண்டி பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அங்கே முன்கூட்டியே பூட்டி வைக்கும் லாக்குக்கு மாற்று இல்லை.

இரண்டாவது காரணம், வேகம். டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் எஞ்சினின் சுழற்சியை இன்னொரு முறை குறைத்து, டார்க்கை அதே மடங்கு பெருக்குகிறது. முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் வருவது கிரால் ரேஷியோ. ஜீப் கிளாடியேட்டர் ரூபிகானில் 2024 மாடல் வரை கிடைத்த மேனுவல் கியர்பாக்ஸில் இது 5.13 × 4.0 × 4.10, அதாவது ஏறத்தாழ 84:1. சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 84 முறை சுற்றுகிறது என்பது இதன் பொருள். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் இருக்க, டயரின் விட்டம் 33 அங்குலமாக இருந்தால், வண்டி மணிக்கு 1.5 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கீழ் வேரியன்ட்டுகளுக்குரிய 2.72 விகித டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விகிதம் 57:1 ஆகி, வேகம் 2.2 கிலோமீட்டராக உயரும். லோ ரேஞ்ச் இல்லாமல் ஹை ரேஞ்சிலேயே போனால் 6 கிலோமீட்டர். முதலிரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் பாறை ஏறுபவருக்கு மட்டுமே பெரிது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளி செங்குத்தான மண் சரிவில் இறங்கும் எவருக்கும் பெரிது. எனவே லோ ரேஞ்ச் இருக்கிறதா என்பது கட்டாயக் கேள்வி. அதன் விகிதம் என்ன என்பது இரண்டாம் நிலைக் கேள்வி.

மூன்றாவது காரணம், வடிவியல். முன் பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவின் அளவு அப்ரோச் கோணம். பின்பக்கம் இடிக்காமல் இறங்கும் அளவு டிபார்ச்சர் கோணம். இரு சக்கரங்களுக்கும் நடுவே வயிறு தட்டாமல் மேட்டைக் கடக்கும் அளவு பிரேக்ஓவர் கோணம். பிக்கப்புகளுக்கு நீண்ட வீல்பேஸ் இருப்பதால் மூன்றாவது கோணமே அவற்றின் பலவீனம். கிளாடியேட்டர் ரூபிகானுக்கு அப்ரோச் கோணம் 43 டிகிரிக்கு மேல் இருந்தும், பிரேக்ஓவர் கோணம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. எந்த டாப் வேரியன்ட்டும் வீல்பேஸைக் குறைத்துத் தருவதில்லை. விலை ஏறினாலும் வயிறு தட்டும் என்பதால், பாறைப் பாதைக்கு எந்த வேரியன்ட்டை எடுத்தாலும் பக்கவாட்டுக் கதவுகளுக்குக் கீழே உறுதியான ராக் ஸ்லைடரும் நல்ல அடிக்கவசமும் தேவைப்படுகின்றன. ஏறி இறங்கப் பயன்படும் மெல்லிய கால்மிதிப் பட்டையை ஸ்லைடர் என்று எண்ணிவிடக் கூடாது. வண்டியின் எடை பாறையில் அமர்ந்தால் அது வளைந்து கதவடியையே நசுக்கும்.

நான்காவது காரணமான ஷாக் அப்சார்பரைப் பற்றித்தான் அதிகத் தவறான எண்ணம் நிலவுகிறது. ஆகவே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

விலை உயர்ந்த ஷாக் யாருக்கு வேலை செய்கிறது

சஸ்பென்ஷனின் மேல்கீழ் அசைவை ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் வெப்பமாக மாற்றுகிறது. வாஷ்போர்டு போல அலையலையாகக் கிடக்கும் மண்சாலையில் வேகமாகச் செல்லும்போது ஒரு நொடிக்குள் பல முறை அசைவு நிகழ்கிறது. எண்ணெய் சூடேறி நுரைக்கிறது. தடுப்பு விசை குறைகிறது. வண்டி துள்ளத் தொடங்கி ஸ்டீயரிங் கட்டுப்பாடு தளர்கிறது. டாப் வேரியன்ட் ஷாக்குகள் இதைத் தடுக்கவே செய்யப்பட்டவை. தடித்த உடல், அதிக எண்ணெய், தனித் தொட்டி, எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் பிஸ்டன், அசைவின் கடைசிப் பகுதியில் மட்டும் இறுகும் உள் பைபாஸ் அமைப்பு ஆகிய அனைத்தும் வேகத்தையும் வெப்பத்தையும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. ராப்டரின் ஃபாக்ஸ் ஷாக்குகள் இவ்வகை. ஷெவர்லே கொலராடோ இசட்ஆர்2-இல் 2017 மாடலிலிருந்து வரும் மல்டிமேட்டிக் ஷாக், மெல்லிய தகடுகளுக்குப் பதிலாக ஸ்பூல் வால்வு கொண்டு இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது.

ஆனால் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பாறை மேல் ஊரும் வண்டியில் எண்ணெய் சூடேறுவதே இல்லை. அங்கே தேவைப்படுவது சக்கரம் எவ்வளவு தொங்கித் தரையைத் தேடிப் பிடிக்கிறது என்பதுதான். இடவலச் சக்கரங்களை இணைத்து வண்டி சாயாமல் தடுக்கும் முன்பக்க ஸ்வே பாரை விடுவிக்கும் வசதி, பாறைப் பாதையில் எந்தப் பந்தய ஷாக்கையும்விடப் பயனளிக்கும். ஆக, வேகமாகப் போகக்கூடிய திறந்த மண்வெளி கையெட்டும் தூரத்தில் இல்லாதவர், டாப் வேரியன்ட் விலையின் பெரும்பங்கை ஒருபோதும் சூடாகாத எண்ணெய்க்குக் கொடுக்கிறார். மறுசீரமைத்துப் பயன்படுத்தும் இந்த ஷாக்குகளுக்குக் காலாகாலத்தில் சீலும் எண்ணெயும் மாற்ற வேண்டும் என்பதும், அதைச் செய்யத் தெரிந்த கைகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதும் வாங்கும் நாளில் யாரும் நினைவூட்டாத செலவுகள்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெளிவாகிறது. டாப் வேரியன்ட் என்பது எல்லாவற்றிலும் சிறந்த வண்டி என்று பொருள்படாது. குறிப்பிட்ட ஒரு வேலைக்குச் செதுக்கப்பட்ட வண்டி என்றே பொருள்படும். ராப்டரும், 2021 மாடலாக 702 குதிரைத்திறனுடன் வந்த ராம் டிஆர்எக்ஸும் திறந்தவெளி வேகத்துக்கானவை. ரூபிகான் பாறைக்கானது. இசட்ஆர்2 இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. டொயோட்டா டகோமாவின் நான்காம் தலைமுறையில் உச்ச வேரியன்ட்டே இரண்டாகப் பிரிந்து, டிஆர்டி ப்ரோ வேகப் பயணத்துக்கும், டிரெயில்ஹன்டர் சுமையோடு செல்லும் நெடும்பயணத்துக்கும் என்று வெவ்வேறு ஷாக்குகளுடன் வருகின்றன. ஒரே நிறுவனமே இரண்டு உச்சங்களை வைத்திருப்பது, உச்சம் என்பது ஒன்றாக இருக்க முடியாது என்பதைத்தான் காட்டுகிறது.

உச்சத்துக்குப் போனால் குறைவது: சுமை

கையேடுகள் அடக்கி வாசிக்கும் எண் பேலோடு. வண்டி சட்டப்படியும் பொறியியல்படியும் தாங்கக்கூடிய மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே பேலோடு. ஆட்கள், சாமான், பின்னாளில் பொருத்தும் பம்பர் எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும். டாப் ஆஃப்-ரோடு வேரியன்ட்டில் ஸ்பிரிங்குகள் மென்மையாக இருக்கும்; கவசமும் டயரும் கூடுதல் எடை சேர்க்கும். இரண்டும் சேர்ந்து பேலோடைக் கடிக்கின்றன.

2021-இல் வந்த மூன்றாம் தலைமுறை ராப்டரின் அதிகபட்ச பேலோடு 1,400 பவுண்டு, அதாவது சுமார் 635 கிலோ. இழுவைத் திறன் 8,200 பவுண்டு. அதே ஆண்டுச் சாதாரண எஃப்-150-ஐச் சரியான எஞ்சினோடும் இழுவைத் தொகுப்போடும் எடுத்தால் இழுவைத் திறன் 14,000 பவுண்டு வரை போகும். அமெரிக்காவுக்கு வெளியே பரவலாக விற்கும் ஃபோர்டு ரேஞ்சரிலும் இதே கதைதான்: சாதாரண ரேஞ்சர் 3,500 கிலோ இழுக்க, ரேஞ்சர் ராப்டருக்கு 2,500 கிலோதான் எல்லை. பிரிட்டனில் மதிப்புக்கூட்டு வரிக் கணக்கில் இரட்டைக் கேபின் பிக்கப்பை வணிக வண்டியாக ஏற்க 1 டன் பேலோடு வேண்டும். ரேஞ்சர் ராப்டர் அந்தக் கோட்டைத் தொடுவதில்லை. வேரியன்ட் பெயர் ஒன்று வரிக்கணக்கையே மாற்றிவிடுகிறது.

எஃப்-150 ராப்டரின் 635 கிலோ என்பது பெரிய எண் போலத் தோன்றும். நெடும்பயணம் ஒன்றுக்குத் தோராயமாகக் கூட்டிப் பார்க்கலாம்.

1. ஆளுக்கு 75 கிலோ வீதம் நான்கு பேர்: 300 கிலோ.
2. இரும்பு பம்பரும் வின்ச்சும்: 80 கிலோ.
3. கூரைக் கூடாரமும் அதைத் தாங்கும் சட்டமும்: 90 கிலோ.
4. குளிர்பெட்டி, கூடுதல் பேட்டரி, கருவிகள்: 70 கிலோ.
5. தண்ணீர் 40 லிட்டர், ஒரு கேன் எரிபொருள்: 60 கிலோ.

மொத்தம் 600 கிலோ. துணி, சமையல் சாமான், மீட்புக் கயிறு எதையும் இன்னும் ஏற்றவில்லை. 1,000 கிலோ பேலோடு கொண்ட கீழ் வேரியன்ட்டில் இதே சுமைக்குப் பிறகும் 400 கிலோ மிச்சமிருக்கும். எடை எல்லையைத் தாண்டிய வண்டியில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடுகிறது, சேஸியிலும் ஆக்ஸில் தாங்கிகளிலும் களைப்பு விரிசல் விழுகிறது, விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் எழுகிறது. குடும்பத்தோடும் கூடாரத்தோடும் பயணம் போக விரும்புபவர் பந்தய மரபு டாப் வேரியன்ட்டை வாங்குவது, என் கணிப்பில், இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு.

அகலமும் இதோடு சேர்த்து எண்ண வேண்டியது. ராப்டரின் சக்கர இடைவெளி சாதாரண எஃப்-150-ஐவிடச் சுமார் 6 அங்குலம் அதிகம். அமெரிக்க விதிப்படி 80 அங்குல அகலத்தைத் தாண்டும் வண்டிக்கு அகலம் காட்டும் விளக்குகள் கட்டாயம். ராப்டரின் கிரில்லில் தெரியும் மஞ்சள் விளக்குகள் அந்தக் கட்டாயத்தால் வந்தவை. மரங்களுக்கு நடுவே போகும் ஒற்றைத்தடப் பாதையில் இந்த அகலமே வண்டியைத் திரும்பிப் போகச் செய்யும்.

பிறகு சேர்க்க முடிவது எது, முடியாதது எது

அ. நடைமுறையில் சேர்க்க முடியாதவை

1. லோ ரேஞ்ச் உள்ள 4 வீல் டிரைவ். 2 வீல் டிரைவாக வாங்கிய வண்டியை மாற்ற முயல்வதைவிட வேறு வண்டி வாங்குவது மலிவு.
2. சஸ்பென்ஷனின் அடிப்படை வகை. நான்காம் தலைமுறை டகோமாவின் பேஸ் வேரியன்ட்டான எஸ்ஆரில் பின்னால் லீஃப் ஸ்பிரிங். டிஆர்டி ப்ரோவில் காயில் ஸ்பிரிங். சேஸியில் பற்றவைத்த தாங்கிகளே வேறு. முதல் ரேஞ்சர் ராப்டரும் இவ்வாறே சாதாரண ரேஞ்சரின் லீஃப் ஸ்பிரிங்கைக் கைவிட்டுக் காயிலுக்கு மாறியது.
3. எஞ்சினும் கியர்பாக்ஸும். எஸ்ஆரில் 228 குதிரைத்திறன். டிஆர்டி ப்ரோவின் ஹைபிரிட் தொகுதியில் 326. இது எதிர்த்திசையிலும் பொருந்தும்: அந்தத் தலைமுறையில் மேனுவல் கியர் வேண்டுபவர் டிஆர்டி ப்ரோவை வாங்க முடியாது, நடு வேரியன்ட்டுக்குத்தான் வர வேண்டும்.
4. ஆக்ஸிலின் அளவு. 2018 தலைமுறை ரேங்லரின் ஸ்போர்ட்டில் முன்னால் டேனா 30, பின்னால் டேனா 35. ரூபிகானில் இரண்டும் டேனா 44. பெரிய டயரும் லாக்கும் போட்டுவிட்டுச் சிறிய ஆக்ஸிலை வைத்திருந்தால் உடைவது அங்கேதான்.

ஆ. சேர்க்கலாம், ஆனால் செலவும் திறமையும் வேண்டும்

டிஃப் லாக் இந்த வகை. ஏஆர்பி ஏர் லாக்கர் போன்றவற்றைப் பேஸ் வண்டியிலும் பொருத்தலாம். ஆனால் அதற்கு ஆக்ஸிலைத் திறந்து, உள்ளிருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும் பல்லோடு பல் பொருந்தும் இடைவெளியை மயிரிழை அளவில் மீண்டும் அமைக்க வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கும். தொழிற்சாலை லாக்கோ வண்டியின் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் மென்பொருளோடு பேசிக்கொள்ளும். பின்னால் பொருத்தியது பேசாது. பின் ஆக்ஸில் லாக் தொழிற்சாலையிலிருந்தே கிடைக்கும் மிகக் கீழான வேரியன்ட் எது என்று தேடுவதை ஆகவே வலியுறுத்துகிறேன். பல மாடல்களில் அது நடு வரிசையிலேயே கிடைத்துவிடுகிறது. டகோமாவில் டிஆர்டி ஆஃப்-ரோடு அப்படிப்பட்டது.

ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்துவதும் இதே வகை. முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை 2 அங்குலத்துக்கு மேல் தூக்கினால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுகளான சிவி ஜாயின்ட்டுகளின் கோணம் கூர்மையாகி, ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும். வீல் அலைன்மென்ட் சரியாக அமைய, சக்கரத்தைத் தாங்கும் மேற்பக்கக் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டிவரலாம். முன்பக்கக் கேமராவும் ரேடாரும் பார்க்கும் கோணம் மாறுவதால் தானியங்கி அவசர பிரேக் போன்ற பாதுகாப்பு வசதிகளை மறு அளவீடு செய்ய வேண்டும். 2 அங்குல உயரத்தைத் தொழிற்சாலையே தருகிற கொலராடோ டிரெயில் பாஸ் போன்ற எளிய உள்ளலங்கார வேரியன்ட்டுகள் இந்த இடத்தில்தான் தங்கள் விலைக்கு நியாயம் செய்கின்றன.

இ. எவரும் எளிதில் சேர்க்கக்கூடியவை

டயர், அடிக்கவசம், ஸ்லைடர், சாதாரண ஷாக், விளக்கு, இருக்கை உறை. இவற்றுக்காக மட்டும் மேல் வேரியன்ட்டுக்குப் போவதில் பொருளில்லை.

டயர்: வேரியன்ட்டுக்கு முந்திய முடிவு

வண்டிக்கும் தரைக்கும் இடையில் இருப்பது டயர் மட்டுமே என்பதால் இதைத் தனியாக எடுத்துப் பேசுகிறேன். நெடுஞ்சாலை டயருடன் வந்த டாப் வேரியன்ட்டைவிட நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போட்ட பேஸ் வேரியன்ட் சேற்றில் அதிக தூரம் போகும்.

இதில் பேஸ் வண்டிக்கு எதிர்பாராத ஒரு சாதகம் உண்டு. மலிவான வேரியன்ட்டுகள் பெரும்பாலும் 17 அங்குலச் சிறிய ரிம்முடன் வருகின்றன. சொகுசு வேரியன்ட்டுகள் 20 அங்குல அலாயுடன் வருகின்றன. 33 அங்குல டயரை 17 அங்குல ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவரின் உயரம் 8 அங்குலம்; 20 அங்குல ரிம்மில் 6.5 அங்குலம்தான். உயரமான பக்கச்சுவர் கல்லை விழுங்கிக்கொள்ளும். காற்றைக் குறைக்கும்போது நீண்டு விரியும். ராப்டரே 35, 37 அங்குல டயர்களை 17 அங்குல ரிம்மில்தான் மாட்டி விற்கிறது. மணலில் காற்றழுத்தத்தை 35-இலிருந்து 18 அல்லது 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால், டயர் தரையைத் தொடும் பரப்பு கூடி வண்டி மிதப்பது போல ஓடும். காசு செலவில்லாத இந்த ஒரு பழக்கம் பல வேரியன்ட் வித்தியாசங்களைச் சமன் செய்துவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் நிரப்ப ஒரு கம்ப்ரஸர் மட்டும் கட்டாயம் வேண்டும்.

பெரிய டயருக்கும் விலை உண்டு. 31 அங்குலத்திலிருந்து 33-க்குப் போனால் விட்டம் 2 அங்குலம் கூடினாலும் ஆக்ஸில் உயர்வது 1 அங்குலம்தான். மறுபுறம் கியர் விகிதம் 6 சதவீதத்துக்கு மேல் நீண்டுவிடும், 3.73 விகித ஆக்ஸில் 3.50 போலச் செயல்படும். இழுவை மந்தமாகி எரிபொருள் செலவு ஏறும், ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். டாப் வேரியன்ட்டில் ஆக்ஸில் விகிதமும் ஸ்பீடோமீட்டரும் பெரிய டயருக்கேற்பவே அமைக்கப்பட்டிருக்கும். அந்த ஒருங்கிணைப்பு அதன் உண்மையான பலங்களில் ஒன்று.

வாரன்ட்டி

தொழிற்சாலையில் பொருத்தியவை அனைத்தும் வண்டியின் வாரன்ட்டிக்குள் வருகின்றன. வெளியில் பொருத்தியவை வருவதில்லை. ஆனால் வெளியில் ஒரு பொருளைப் பொருத்திய உடனே முழு வாரன்ட்டியும் போய்விடும் என்பது எல்லா இடங்களிலும் சரியில்லை. அமெரிக்காவில் 1975-இன் மேக்னசன்-மாஸ் வாரன்ட்டி சட்டப்படி, வெளிப் பொருளைப் பயன்படுத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக நிறுவனம் வாரன்ட்டியை மறுக்க இயலாது. அந்தப் பொருள்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். நடைமுறையில் அந்த வாதத்தை நடத்தும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. வேலையைத் தானே செய்ய விருப்பமோ, நம்பகமான மெக்கானிக்கோ இல்லாதவர் நடு அல்லது மேல் வேரியன்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்த மன அமைதிக்கானது. அதை வீண்செலவு என்று சொல்ல மாட்டேன்.

முடிவெடுக்கும் வரிசை

1. அ பிரிவில் உள்ளவற்றில் தனக்குத் தேவையானவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். லோ ரேஞ்ச் அதில் எப்போதும் முதலிடம்.
2. அவை அனைத்தும் இருக்கும் மிகக் கீழ் வேரியன்ட்டைக் கண்டறிய வேண்டும்.
3. அதில் பின் ஆக்ஸில் லாக் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஒரு படி மட்டும் மேலே போக வேண்டும்.
4. கிடைத்த வேரியன்ட்டின் பேலோடிலிருந்து தன் பயணச் சுமையைக் கழித்துப் பார்க்க வேண்டும். விடை எதிர்மறையாக வந்தால் மேலே போவதற்கு மாறாகக் கீழே இறங்கவும் நேரலாம்.
5. மிஞ்சிய பணத்தில் டயர், கம்ப்ரஸர், மீட்புக் கருவிகள், ஓட்டுநர் பயிற்சி ஆகியவற்றை இதே வரிசையில் வாங்க வேண்டும்.

இந்த வரிசையில் போனால் பெரும்பாலானவர்கள் நடு வேரியன்ட்டில் வந்து நிற்பார்கள். வேலைக்காகச் சுமை ஏற்றுபவரும், வண்டியைத் தானே பிரித்துக் கட்டத் தெரிந்தவரும் பேஸில் நிற்பார்கள். தெரிந்தவர் எப்படியும் ஷாக்கையும் டயரையும் கழற்றி எறியப்போகிறார், அவற்றுக்கு இரு முறை பணம் கொடுப்பானேன்? டாப் வேரியன்ட் நியாயமாகப் பொருந்துவது, அது எந்த வேலைக்குச் செதுக்கப்பட்டதோ அதே வேலையை அடிக்கடி செய்பவருக்கு. திறந்த மணல்வெளியில் வாரந்தோறும் ஓட்டுபவர் பேஸ் வண்டியில் ராப்டரைக் கட்ட முயன்றால், சக்கர இடைவெளி, சஸ்பென்ஷன் தாங்கிகள், குளிரூட்டல் என்று ஒவ்வொன்றாக மாற்றி, அதிகப் பணம் செலவழித்து, அதைவிடக் குறைந்த வண்டியில்தான் முடிப்பார். விற்கும் நாளில் தொழிற்சாலை டாப் வேரியன்ட்டுக்குக் கிடைக்கும் மதிப்பும் அவருடைய கைவேலைக்குக் கிடைக்காது.

எந்த வேரியன்ட்டானாலும் ஒரு பாதுகாப்புக் குறிப்பு இருக்கிறது. மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்க, அதற்கென்று வலிமை மதிப்பிடப்பட்ட கொக்கி முன்னும் பின்னும் வேண்டும். பேஸ் வண்டிகள் சிலவற்றில் அது இருப்பதில்லை. டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மீட்புக் கயிற்றை மாட்டக் கூடாது. இழுவிசையில் அது முறிந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது.

ஷோரூமில் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. முதலாவதாக, ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியுள்ள எடைத் தகவலைப் படிக்க வேண்டும். கையேட்டில் உள்ள அதிகபட்ச பேலோடு அந்த மாடலின் ஏதோ ஒரு வண்டிக்கு உரியது, தூணில் உள்ள எண்தான் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு உரியது. இரண்டாவதாக, தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். எரிபொருள் தொட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கீழே கவசம் இரும்பா, பிளாஸ்டிக்கா, பின் டிஃபரன்ஷியலுக்கு லாக்கின் மின்கம்பி வந்து சேர்கிறதா, ஸ்பேர் வீல் மற்ற நான்கின் அளவிலேயே இருக்கிறதா என்பவை அங்கிருந்தே தெரிந்துவிடும்.